காசு போடாதீர்கள்

அமெரிக்காவில் காரில் நெடுந்தூரம் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் ஆசையோடு போகிற இடம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1872-இல் ஏற்பட்டது. அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பொங்கி வரும். அந்த ஊற்றுகளில் ஒன்று மார்னிங் குளோரி. ஒரு காலத்தில் பளிச்சென்ற நீலம். இன்று ஓரமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும்; நடுவில் பச்சை. காரணம், பார்க்க வந்தவர்கள் போட்ட காசும் குப்பையும்தான்.

காசு போட்டால் நிறம் மாறுமா? மாறும். அடுப்பின் பர்னர் துளையில் பொங்கிய பால் அடைத்துக்கொண்டால் தீ மங்கிவிடும் அல்லவா? அதே கதைதான். ஊற்றுக்கண் அடைபட்டது. வெந்நீர் வரத்து குறைந்தது. சூடு தணிந்தது. முன்பு ஓரத்தில் மட்டும் வாழ்ந்த வண்ண நுண்ணுயிர்கள், சூடு தணியத் தணிய நடுப்பக்கம் நகர்ந்தன. நீலம் சுருங்கியது.

‘நான் போடுவது ஒரே ஒரு காசுதானே?’ என்று கேட்கலாம். போட்ட ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்தார்கள். சேர்ந்தது குவியல். ‘சுத்தம் செய்தால் போச்சு’ என்றும் சொல்லலாம். செய்தார்கள். 1950-இல் நீர்மட்டத்தைக் குறைத்து, ஊற்றைப் பொங்க வைத்தார்கள். நாணயங்கள் வந்தன, கைக்குட்டைகளும் வந்தன. ஆனால் பழைய நீலம் முழுதாகத் திரும்பவில்லை. ஆழத்தில் சிக்கியதை எந்தக் கை எட்டும்? அடைப்பது எளிது, திறப்பது அரிது. ஆகவே நேயர்களே, எந்த ஊற்றருகே நின்றாலும் கண்ணாரப் பாருங்கள். காசு மட்டும் போடாதீர்கள்.