நெட் வராதது தலையெழுத்தா?

(கடத்தூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இன்டர்நெட் என்று தலைவர் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். "கடவுள், சாஸ்திரம், ஜோசியம் என்று பேசுகிறவர்களுக்கு டவரும் ரீசார்ஜும் எதற்கு?" என்று ஒரு தோழர் சொன்னதும் நம் காதில் விழுந்தது. அந்தத் தோழருக்கு நாம் சொல்லும் பதில் என்னவென்றால், மனிதன் செய்த காரியத்தை விதி செய்த காரியமாக எண்ணிக்கொண்டு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் நமக்கு வேலை உண்டு என்பதேயாகும்.

"நெட் இல்லை" என்று இந்த ஜில்லாவில் நாம் எப்படிச் சொல்லுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். "மழை இல்லை" என்று சொல்லுகிற அதே குரலில் சொல்லுகிறோம். ரேஷன் கடையில் கருவியில் விரலை வைக்கிறோம். "நெட் வரவில்லை, அப்புறம் வா" என்கிறார்கள். உடனே பையை மடித்துக்கொண்டு திரும்பி விடுகிறோம். அந்தக் கடைக்காரரே "அரிசி இல்லை" என்று சொல்லியிருந்தால் ஏன் இல்லை, எங்கே போயிற்று, யார் தின்றது என்று கேட்டிருப்போமா, இல்லையா? அரிசிக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு, நெட்டுக்கு மட்டும் ஏன் கேட்கத் தெரியவில்லை? அரிசியை மனிதன் கொண்டு வருகிறான் என்பது நமக்குத் தெரியும். நெட் மாத்திரம் ஆகாயத்திலிருந்து தானாக இறங்குவதாக நினைக்கிறோம்.

தோழர்களே! அது ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. நம் கைபேசியிலிருந்து டவர் வரைக்கும்தான் அது காற்றில் போகிறது. அந்த டவருக்கு அப்பால் பெரும்பாலும் பூமிக்கடியில் புதைத்த கண்ணாடி இழைக் கம்பியில் போகிறது. அந்தக் கம்பி இல்லாத இடத்தில் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு ரேடியோ அலையில் தாண்டுகிறது. ஒரு டவரின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் எல்லாரும் வீட்டுக்கு வந்து படம் பார்க்க ஆரம்பித்தால், நீங்கள் ஒரு விண்ணப்பம் அனுப்ப அரை மணி நேரம் ஆகிறது. கரண்டு போய் பேட்டரியும் தீர்ந்தால் டவரே ஊமையாகிறது. இதில் எந்தக் கிரகத்திற்கும் வேலையில்லை. குழி தோண்டியவன், தோண்டாதவன், பேட்டரி வைத்தவன், வைக்காதவன் ஆகிய மனிதர்களின் வேலைதான்.

மலை மறைக்கிறது என்பார்கள். சித்தேரி மலையும் வத்தல்மலையும் நம் ஜில்லாவில் இருப்பது உண்மைதான். ஆனால் மலை மீது ரோடு போடும்போதும், மின்சாரக் கம்பம் நடும்போதும், ஓட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டு போகும்போதும் மலை மறைக்கவில்லையே! காரணம் மலையல்ல, கணக்கு. பட்டணத்தில் ஒரு தெருவுக்குக் கம்பி இழுத்தால் நூறு வீடு சந்தாக் கட்டும். இங்கே அதே நீளக் கம்பிக்கு நான்கு வீடு கட்டும். ஆகவே முதலாளி முதலில் அங்கே இழுக்கிறான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. லாபம் பார்ப்பது அவன் தொழில். லாபம் வராத இடத்தில் யார் செய்வது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி புதிதல்ல, பழைய கேள்வியே. ஒரு காலத்தில் கடிதத்திற்கும் தூரத்தைப் பார்த்துத்தான் கூலி வாங்கினார்கள். 1840-இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்பவர் சொன்ன யோசனைப்படி, தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம் என்று ஆக்கினார்கள். 1854-இல் இந்தியாவிலும் கால் தோலா எடைக்குட்பட்ட கடிதத்திற்கு அரையணா என்று வைத்தார்கள். பக்கத்து ஊருக்கும் அரையணா, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஊருக்கும் அரையணா. பட்டணத்துக் கடிதத்தில் மிஞ்சும் காசு பட்டிக்காட்டுக் கடிதத்தைச் சுமந்தது. தர்மத்திற்காக அப்படிச் செய்யவில்லை. எல்லாரையும் எட்டாத தபால் தபாலே அல்ல என்ற அறிவினால் செய்தார்கள். அன்னிய சர்க்கார் கடிதத்திற்குச் செய்ததை நம்முடைய சர்க்கார் நெட்டுக்குச் செய்யக் கூடாதா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1935 வாக்கில் அந்நாட்டு நகரங்களில் பத்து வீட்டில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. தனியார் கம்பெனிகள் லாபமில்லை என்று கைவிரித்தன. சர்க்கார் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. குடியானவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். இருபது வருஷத்திற்குள் பெரும்பாலான பண்ணைகளில் விளக்கு எரிந்தது. நம் காலத்திலும், 2011-இல் இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்துக் கிராமத்தார் சங்கம் அமைத்து, தங்கள் நிலத்தில் தாங்களே பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழை போட்டுக்கொண்டார்கள். பின்லாந்து தேசத்தில் 2010 ஜூலை 1 முதல் ஒரு மெகாபிட் வேக இணைப்பு ஒவ்வொருவருக்கும் சட்டப்படி உரிமையாயிற்று.

"அதெல்லாம் பணக்கார தேசம், நம்மிடம் பணம் ஏது?" என்று கேட்பீர்கள். பணம் நம்மிடமிருந்து வாங்கியாகிவிட்டது என்பதுதான் விஷயம்! கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொடுப்பதற்காக என்றே 2002 முதல் டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவிகிதம் ஒரு தனி நிதிக்குப் போகிறது. கம்பெனி அதைத் தன் பாட்டன் சொத்திலிருந்து கட்டுவதில்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அது இருக்கிறது. 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றுவதில் காட்டும் வேகத்தைச் செலவழிப்பதில் காட்டவில்லை. வசூலானதில் பெரும் பகுதி அந்தக் காரியத்திற்குச் செலவாகாமலே வருஷக்கணக்காகக் கிடந்தது.

2011 அக்டோபரில் நாட்டிலுள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை போடுவதாக மத்திய சர்க்கார் தீர்மானம் செய்தது. இரண்டு வருஷத்தில் முடியும் என்றார்கள். பிறகு அதற்கு 'பாரத் நெட்' என்று பெயரிட்டார்கள். 12 வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், அதைச் சரிசெய்து முடிக்க இன்னும் 1,39,579 கோடி ரூபாய் வேண்டும் என்றார்கள். நம் மாகாணத்தின் கதையைக் கேளுங்கள். 12,525 ஊராட்சிகளை இணைக்க 2018-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். சுமார் 1,950 கோடி ரூபாய் டெண்டரில் முறைகேடு என்று புகார் எழுந்து, 2020 ஜூனில் அதை ரத்து செய்து மறுடெண்டர் விடும்படி மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. மறுபடி எல்லாம் ஏற்பாடாகி வேலை துவக்க விழா நடந்தது 2022 டிசம்பரில்.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடமெல்லாம் செல்போனில் என்றார்கள். கம்பி இருந்த வீட்டுப் பிள்ளை மேஜை முன் உட்கார்ந்து படித்தது. கம்பி இல்லாத ஊர்ப் பிள்ளை மொட்டை மாடிக்கும், கரட்டுக்கும், மரத்துக்கும் ஏறியது. ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டால், யார் கையில் போன் தங்கிற்று என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் வந்திருக்க வேண்டிய கம்பி 2020-இல் வராததால் அந்தப் பெண்பிள்ளை இழந்த இரண்டு வருஷப் படிப்பை எந்த டெண்டரில் திருப்பிக் கொடுப்பார்கள்?

நிற்க. விலையைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். 1995 ஆகஸ்டு 15-இல் சென்னை உட்பட நான்கு பட்டணங்களில் முதன்முதல் இன்டர்நெட் கொடுத்தபோது 250 மணி நேரத்திற்குத் தனி ஆளுக்கு 5,000 ரூபாய். அதோடு பார்த்தால் இன்று மலிவுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு விலை அடியோடு விழுந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியில் பல கம்பெனிகள் மாண்டன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் போன் ஒரே நாளில் ஊமையானதை மறந்திருக்க மாட்டீர்கள். கடைசியில் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றுதான் மிஞ்சின. 2024 ஜூலையில் மூன்றும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. ஜியோவில் 28 நாளைக்குத் தினம் ஒன்றரை ஜி.பி. என்ற திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாயிற்று. ஏற்றம் பிடிக்காதவன் போக வேண்டிய சர்க்கார் கம்பெனியாகிய பி.எஸ்.என்.எல்., தன் 4ஜி சேவையை நாடு முழுவதற்கும் துவக்கி வைத்தது 2025 செப்டம்பரில்தான். தனியார் அதைக் கொண்டுவந்தது 2012-இல்!

இதில் "28 நாள்" என்பதைக் கவனியுங்கள். நம் தமிழ் மாதக் கணக்கில் எந்தப் பஞ்சாங்கக்காரனும் வருஷத்திற்கு 13 மாதம் என்று சொல்லத் துணிந்ததில்லை. ரீசார்ஜ்காரன் துணிந்தான். 28 நாள் வீதம் போட்டால் வருஷத்திற்கு 13 தடவை. 299-ஐ 13-ஆல் பெருக்கினால் 3,887 ரூபாய். பழைய 239 விலையில் 3,107 ரூபாய். ஒரு போனுக்கு வருஷத்தில் 780 ரூபாய் அதிகம். வீட்டில் இரண்டு போன் என்றால் 1,560 ரூபாய். கூலிக்காரக் குடும்பத்துக்கு இது எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று டிராய் உத்தரவு போட 2022 ஜனவரி வரை ஆயிற்று.

பட்டணத்தான் சுகமாய் இருக்கிறான் என்றும் எண்ண வேண்டாம். அவன் வீட்டுக் கம்பியில் மாதம் 399 என்று விளம்பரம். 18 சதவிகித வரியைச் சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. "100 மெகாபிட் வரை" என்று போடுவார்கள். அந்த "வரை" என்ற சொல்லுக்குள் பூஜ்யமும் அடக்கம். பல அடுக்குமாடிகளில் ஒரே கம்பெனியின் கம்பிதான் உள்ளே வரும். பிடிக்காவிட்டால் வீட்டை மாற்ற வேண்டியதுதான். எதை "பிராட்பேண்ட்" என்று சொல்லலாம் என்பதற்குச் சர்க்கார் வைத்த அளவையும் பாருங்கள். 2004-இல் 256 கிலோபிட், 2013-இல் 512. அதை 2 மெகாபிட்டாக உயர்த்த 2023 ஜனவரி வரை ஆயிற்று. ஆகவே பட்டணத்தானுக்கும் பட்டிக்காட்டானுக்கும் சண்டை மூட்ட நாம் வரவில்லை. அவனுக்கு விலையில் மோசம். நமக்கு விலையிலும் மோசம், சரக்கிலும் மோசம்.

இனி நம்மவர்களே சொல்லும் ஆட்சேபணைகள். "சோற்றுக்கே கஷ்டப்படுகிறவனுக்கு நெட் எதற்கு?" என்கிறார்கள். அவன் கேட்கவில்லை, சர்க்கார்தான் கேட்கிறது! ரேஷனுக்கு விரல் ரேகை, பட்டாவுக்கு நெட், ஜாதிச் சான்றுக்கு நெட், காலேஜ் விண்ணப்பத்திற்கு நெட். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையிலும் நாளுக்கு இரண்டு தடவை படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். வெயிலில் மண் சுமந்தவள் முன்னே நிற்க, படம் ஏறவில்லை என்பதற்காக அவள் வந்தாளா என்று சந்தேகப்பட்டார்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள் பஸ் சார்ஜும் இரண்டு நாள் கூலியும் போகிறது. கதவை ஒரே ஒரு வழியில் வைத்துவிட்டு அந்த வழிக்குப் பாலம் போடாமலிருப்பதற்கு என்ன பெயர்?

"நெட் வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும், வாட்ஸ்அப்பில் பொய்யும் ஜோசியமும் வருகிறது" என்பது இன்னொரு ஆட்சேபணை. வருகிறது, உண்மை. பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் காதல் கடிதம் எழுதுவார்கள் என்று சொன்னவர்களும் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். பொய் குறைந்த செலவில் வந்து சேர்ந்துவிடுகிறது. அது பொய் என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல இணைப்பு வேண்டியிருக்கிறது. ஆகையால் இணைப்பு குறைந்த இடத்தில்தான் பொய்க்கு ஆயுள் அதிகம்.

சரி, என்ன செய்வது? கடத்தூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் தோழர்கள் அடுத்த கிராம சபையில் எழுந்து, நம் ஊராட்சிக்குக் கண்ணாடி இழை வந்ததா, வந்ததென்றால் அதில் நெட் ஓடுகிறதா, பள்ளிக்கூடத்திற்கும் துணை சுகாதார நிலையத்திற்கும் கொடுத்தாயிற்றா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்ச் செலவில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். நெட் இல்லாத நாளில் ரேஷனும் கூலியும் சான்றும் பழையபடி நோட்டில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும், கருவியின் குற்றத்திற்கு மனிதனைப் பட்டினி போடக் கூடாது என்று கேளுங்கள். வரி சேர்த்த முழு விலையும், "வரை" இல்லாத குறைந்தபட்ச வேகமும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஊராட்சி வரை கம்பி வந்தால், அங்கிருந்து வீட்டுக்கு இழுக்கும் வேலையை நம் ஊர் வாலிபர்களும் மகளிர் குழுக்களும் கூட்டுறவாக எடுத்து நடத்தலாம். கேரளத்தில் 20 லட்சம் ஏழை வீடுகளுக்கு இலவசம் என்று சொல்லி, 2023 ஜூனில் தொகுதிக்கு 100 வீடு வீதம்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்சந்தான், என்றாலும் வழி அதுதான். அதே கேரளத்தின் ஐக்கோர்ட்டு 2019-இல், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உரிமை என்றால் அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

தோழர்களே! நாம் சொன்ன கணக்குகளில் எதையும் நாம் சொன்னதற்காக நம்ப வேண்டாம். பெருக்கிப் பாருங்கள், விசாரித்துப் பாருங்கள். சரி என்று பட்டால், நாளைக்கு "நெட் இல்லை" என்று யாராவது சொல்லும்போது பையை மடிக்காமல், "ஏன் இல்லை? யார் பொறுப்பு? எப்போது வரும்?" என்று கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.