மூன்றாவது கண் யாருடையது?



இன்று தெருமுனைதோறும் கம்பம் நட்டுக் காமிரா வைக்கும் காரியம் மும்முரமாய் நடக்கிறது. சென்னைப் போலீசார் சில வருஷங்களுக்கு முன் இதற்கு "மூன்றாவது கண்" என்று பெயரிட்டார்கள். பரமசிவனுடைய கண்ணின் பெயரை ஒரு கண்ணாடிக்குக் கொடுக்கலாமா என்று எந்தப் பக்தரும் சண்டைக்கு வரக் காணோம். அசல் மூன்றாவது கண் ஒரு திருடனையும் காட்டிக் கொடுத்ததில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தச் சங்கரன்கோவிலிலோ சிவனும் விஷ்ணுவும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாய் நிற்பதாகச் சொல்லுகிறார்கள். ஆடித்தபசுக் கூட்டத்தில் அந்த இருவரையும் நம்பி எந்தத் தாயாவது கழுத்துச் சங்கிலியைக் கவனியாமல் விடுகிறாளா?

நிற்க. காமிரா கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. அது மனிதன் தன் அறிவினால் செய்த சாதனம். ஆனால் அதற்கும் பூஜை போட்டுவிடாதீர்கள் என்கிறோம். பல இடங்களில் நடந்த 44 சோதனைகளை 2009-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துப் பார்த்ததில், கார் நிறுத்துமிடங்களில் குற்றம் பாதியளவு குறைந்திருந்தது. ஊர் நடுத்தெருக்களில் சொல்லத்தக்க பலனில்லை. கம்பம் நட்டதும் பயம் ஒழிந்ததென்று நினைப்பது தாயத்துக் கட்டியதும் காய்ச்சல் போகுமென்று நினைப்பதைப் போன்றதுதான்.

இந்தத் தாலுகாவில் உள்ள பாஞ்சாங்குளத்தை மறந்துவிட்டீர்களா? 2022 செப்டம்பரில், மிட்டாய் வாங்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, உங்கள் தெருவுக்கு விற்பதில்லையென்று ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பியனுப்பினார்களே, அதைப் படம் பிடித்தது யார்? போலீசாரா? முனிசிபாலிடியா? செய்தவர்களே பிடித்து, பெருமையாய் ஊரெங்கும் அனுப்பினார்கள்! பிறகுதான் கடைக்கு சீல் வைத்ததும், கைது செய்ததும், ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக்கூடாதென்று கோர்ட்டார் தடுத்ததும். காமிராவைக் கண்டால் திருடன் ஒளிவான். ஜாதித் திமிர் பிடித்தவனோ அதன் முன் நின்று மீசையை முறுக்குகிறான். தான் செய்வது குற்றமென்றே அவனுக்குத் தோன்றவில்லையே!

பக்கத்து ஜில்லா சாத்தான்குளத்துச் சங்கதி இதற்கு நேர் எதிர். 2020 ஜூனில் போலீஸ் ஸ்டேஷனில் தகப்பனும் மகனும் அடிபட்டு, பிறகு காவலில் இறந்தார்கள். அங்கேயும் காமிரா இருந்தது. படங்களைச் சேர்த்து வைக்கப் போதுமான இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிந்ததெல்லாம் தானே அழியும்படி அதைத் திருப்பி வைத்திருந்ததாக, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஐகோர்ட்டுக்கு எழுதினார். ஏழையைப் பார்க்கும்போது திறந்திருக்கிற கண், அதிகாரியைப் பார்க்கும்போது மூடிக்கொண்டது. அந்த வருஷம் டிசம்பரில்தான் எல்லா ஸ்டேஷன்களிலும் காமிரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இன்னொன்று யோசியுங்கள். நாளைக்கு ஒரு பெண்ணும் பிள்ளையும் ஜாதியைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொள்ள விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக் காமிராவில் பஸ்ஸின் நம்பரோடு படம் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் பெண்ணின் சித்தப்பன் தன் ஜாதிக்கார உத்தியோகஸ்தரிடம் போய் அந்தப் படத்தைக் கேட்டால், கொடுக்க மாட்டார் என்று உங்களில் யார் ஜாமீன் நிற்பீர்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது ஜட்ஜுகள் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு சித்தப்பனுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேருமா?

ஆகவே அடுத்த ஏரியா சபையில் கவுன்சிலரை நேரில் கேளுங்கள்: எத்தனை காமிரா, எத்தனை கெட்டுக் கிடக்கிறது, படம் எத்தனை நாள் இருக்கும், இதுவரை யார் யார் வாங்கிப் போனார்கள் என்பதற்குக் கணக்குப் புஸ்தகம் உண்டா? வாயால் சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். இன்றிரவே நாம் எழுதித் தருகிறோம்.