கேட்கும் காது எங்கே?

(இளைஞர்களுக்கான மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது கோரிக்கைகளை ஆள்வோர் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டில், நம் கடையில், நம் முஹல்லாவில் முறையிட வருபவரின் பேச்சை நாம் கேட்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மதீனாவின் நயவஞ்சகர்கள் நபி (ஸல்) அவர்களைக் கேலி செய்ய ஒரு சொல்லை எடுத்தார்கள். இவர் வெறும் காது, யார் வந்து எதைச் சொன்னாலும் கேட்டுக் கொள்வார் என்றார்கள். அல்லாஹ் அந்தச் சொல்லை மறுக்கவில்லை. ஆம், அவர் காதுதான். உங்களுக்கு நன்மை தரும் காது என்று பதில் கொடுத்தான் (9:61). எதிரிகள் இகழ்ச்சியாகச் சொன்னதை இறைவன் புகழாக மாற்றினான். ஒரு தலைவருக்கு இதைவிட நற்சான்று வேண்டுமா?

எதிரிக்கும் இடம் கொடுத்தார்கள்

மக்காவில் குறைஷித் தலைவர் உத்பா பின் ரபீஆ நபியவர்களிடம் பேரம் பேச வந்தார். செல்வம் வேண்டுமா, தலைமை வேண்டுமா, ஆட்சி வேண்டுமா என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் ஈமானுக்கு விலை பேசும் பேச்சு. நம்மில் ஒருவராக இருந்தால் முதல் வாக்கியத்திலேயே எழுந்திருப்போம். நபியவர்களோ இறுதிவரை கேட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டீரா என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்தை (41) ஓதினார்கள். உத்பாவும் அமைதியாகக் கேட்டார். இவரை இவர் வழியில் விட்டுவிடுங்கள் என்று குறைஷிகளிடம் போய்ச் சொன்னதாக இப்னு ஹிஷாம் தமது வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். கேட்டதனால் கொள்கை ஒரு இம்மியும் குறையவில்லையே!

ஒரு பெண்ணின் முறையீடு

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற பெண்மணியை அவரது கணவர் அவ்ஸ் பின் ஸாமித் (ரலி), தம் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லி ஒதுக்கினார். அறியாமைக் காலத்தில் அது மணவிலக்காகக் கருதப்பட்டது. என் இளமையை அவருக்குக் கொடுத்தேன், பிள்ளைகளைப் பெற்றேன், முதுமையில் இப்படிச் செய்துவிட்டாரே என்று அவர் நபியவர்களிடம் வாதாடினார். அதே வீட்டிலிருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அந்தப் பேச்சின் சில பகுதிகள் கேட்கவில்லை. ஆனால் அல்லாஹ் கேட்டான்! தர்க்கம் செய்த பெண்ணின் சொல்லைக் கேட்டுவிட்டதாகவே 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அந்தக் கொடிய வழக்கம் பொய்யானது என்று அறிவித்து, அதற்குப் பரிகாரமும் விதித்தான்.

சகோதரர்களே! இன்று ஒரு குடும்ப வழக்கு ஜமாஅத்துக்கு வந்தால் என்ன நடக்கிறது? கணவன் தரப்பில் நான்கு பெரிய மனிதர்கள் வந்து உட்காருகிறார்கள். பெண்ணின் தரப்பை அவளுடைய வாயால் சொல்ல விடாமலே பல ஊர்களில் முடிவு எழுதப்படுவதைப் பார்த்து வருகிறோம். இது எந்த மார்க்கம்? அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, முதலாமவரிடம் கேட்டதைப் போலவே இரண்டாமவரிடமும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நபியவர்கள் கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்). ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதும் தீர்ப்பு, அது பள்ளிவாசலில் வைத்து எழுதப்பட்டாலும் அநீதிதான்.

வியாபாரிகளுக்கும் இளைஞர்களுக்கும்

கூட்டு வியாபாரம் பிரிவது பெரும்பாலும் எதனால்? கணக்கைப் பற்றி ஒருவர் பேச வாயெடுத்ததும் மற்றவர், என் மீதே சந்தேகமா என்று கத்துவதனால்தான். எடை குறைகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் தராசைப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சீறாதீர்கள். சம்பளம் போதவில்லை என்று கடைப் பையன் சொன்னால் கல்லாவை மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள்.

இளைஞர்களே! கேட்பது என்றால் கேட்டதையெல்லாம் நம்புவது அல்ல. தீயவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்று குர்ஆன் எச்சரிக்கிறது (49:6). செல்போனில் வந்த ஒரு குரல் பதிவைப் பாதி கேட்டுவிட்டுத் தெருவில் கூடாதீர்கள். முழுதாகக் கேளுங்கள், விசாரியுங்கள், பிறகு முடிவெடுங்கள். பேச்சைச் செவியேற்று அதில் அழகானதைப் பின்பற்றுவோருக்கே நேர்வழியின் நற்செய்தி இருக்கிறது (39:18).

ருகூவிலிருந்து நிமிரும்போது 'ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதா' என்று சொல்கிறோம், அல்லது இமாம் சொல்லக் கேட்கிறோம். தன்னைப் புகழ்பவனின் சொல்லை அல்லாஹ் கேட்கிறான் என்பதே அதன் பொருள். கடமையான தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 முறை! நம் முறையீட்டை அவன் கேட்க வேண்டும் என்று ஏங்கும் நாம், நம் வாசலில் நிற்பவரைப் பேச விடாமல் திருப்பி அனுப்பலாமா? இந்த வாரமே உங்கள் முஹல்லாவில் தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நன்மையைக் கேட்டு அதன்படி நடப்போராக நம்மை ஆக்கி அருள்வானாக!