மலைத் தண்ணீரும் மட்டக்களப்பு வாவியும்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடைபெற்ற சங்கக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு கிழக்கே இறங்கி இங்கேயே குடியிருக்கும் எங்கள் உறவுகளும், வாவியை நம்பி வாழும் மீனவர் குடும்பங்களும் இன்று ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம். சங்கம் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'நீரும் காற்றும் மாசடைதல்'. பாடசாலையில் இதைக் காரணம், விளைவு என்று இரண்டு நிரலாகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறோம். தொழிற்சங்கக் கூட்டத்தில் மூன்றாவது நிரல் ஒன்றும் வேண்டும். அந்த நஞ்சைத் தூக்கிச் சுமந்தது யாருடைய முதுகு, அந்த உடம்புக்கு என்ன நடந்தது என்பதே அந்த நிரல்.

முதலில் இந்த வாவியைப் பாருங்கள். தெற்கு வடக்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலோடு சேரும் வாய்கள் இரண்டுதான்: ஒன்று நகரத்துக்கு அருகே முகத்துவாரத்தில், மற்றது தெற்கே கல்லாற்றில். வெயில் காலத்தில் மணல் திட்டு விழுந்து வாய் அடைபடும். மாரியில் வெள்ளம் ஏறும்போது வெட்டித் திறந்து விடுவார்கள். ஆகவே வாவி கடலைப் போன்றது அல்ல. உள்ளே வந்தது எல்லாம் உடனே வெளியே போய்விடாது. வாய் அடைபட்ட ஒரு பெரிய தொட்டியில் கழிவைக் கொட்டினால் என்ன ஆகுமோ, கோடையில் வாவிக்கும் அதுதான் ஆகிறது.

இதற்குள் என்ன வருகிறது? படுவான்கரை வயல்களின் வடிகால் நீர் வருகிறது. நகரத்துக் கான்களின் கழிவுநீர் வருகிறது. நெல் அவிக்கும் ஆலைகளின் தண்ணீர், மலசலகூடக் குழிகளின் கசிவு, பொலித்தீன், போத்தல் எல்லாம் வருகின்றன. அத்தோடு மலைத் தண்ணீரும் வருகிறது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறக்கும் கல்ஓயாவை இங்கே பட்டிப்பளை ஆறு என்பார்கள். அது சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, வாய்க்கால் வழியாக வயல்களுக்குப் பாய்ந்து, வடிந்து போகும் நீரின் ஒரு பகுதி இந்த வாவியின் தென்பக்கத்தில் சேருகிறது. பதுளைப் பக்க மலைகளின் இன்னொரு பங்கு மழைநீர் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. எப்படிப் போனாலும் அது யாரோ ஒருவருடைய வீட்டு வாசலுக்குத்தான் போகிறது.

நாங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளக்கத்தை இங்கும் சொல்கிறோம். யூரியாவும் மற்றப் பசளைகளும் செடிக்குச் சாப்பாடு. மண் குடித்தது போக மிச்சம் மழையோடு ஓடி வாவிக்கு வந்தால், அங்கே உள்ள பாசிக்கும் ஆற்றுவாழைக்கும் அதுவே சாப்பாடாகிறது. அவை தண்ணீரை மூடிக்கொண்டு வளரும். கீழே வெளிச்சம் போகாது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். இரவில் உயிருள்ள பாசியும் அதே ஒட்சிசனைத்தான் சுவாசிக்கும். அதனால் விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சு மிகக் குறைந்து போகும். காலையில் மீன் வயிறு தெரிய மிதந்தால், 'யாரோ நஞ்சு போட்டார்கள்' என்று மட்டும் நினைக்க வேண்டாம். மேலே வயலிலும் தோட்டத்திலும் அளவுக்கு மேல் போட்ட பசளையும் அந்த மீனை மூச்சுத் திணற வைக்கும்.

மருந்து வேறு விதமாக வேலை செய்யும். அது வாவிக்கு வருவதற்கு முன்னால் ஒரு மனிதனைத் தாண்டித்தான் வருகிறது. டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர், அல்லது வயல் வரம்பில் நடக்கிறவர்தான் அந்த மனிதன். மூடி இறுக்கமில்லாமல் முதுகில் ஒழுகும். எதிர்க்காற்றில் முகத்தில் அடிக்கும். கையைக் கழுவாமல் வெற்றிலை மடித்து வாயில் போடுவோம். சாயந்தரம் அந்தச் சட்டை பிள்ளையின் சட்டையோடு ஒரே வாளியில் ஊறும். டாங்கியை ஓடையில் அலசுவோம். அதே ஓடைத் தண்ணீர் கீழ் லயத்துப் பீலிக்கு வரும். காலியான மருந்துக் கான் நல்ல உறுதியாக இருக்கிறது என்று தண்ணீர் பிடித்து வைப்போம். இது எங்கள் ஆட்களின் அறியாமை என்று நிர்வாகங்கள் சொல்லும். நாங்கள் கேட்கிறோம்: கையுறை கொடுத்தீர்களா? கழுவ இடம் கட்டிக் கொடுத்தீர்களா? சவர்க்காரம் கொடுத்தீர்களா? கழுவும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா? எந்த மருந்து அடிக்கிறோம் என்று தமிழில் எழுதிக் காட்டினீர்களா?

இந்தியாவில், கேரளத்தின் காசரகோட்டில் நடந்ததை நம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அறிந்திருக்க வேண்டும். அங்கே அரசுக்குச் சொந்தமான தோட்டக் கூட்டுத்தாபனத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதியிலிருந்து 2000 வரை ஹெலிகொப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மலை உச்சியில் தெளித்தது கிணற்றிலும் ஓடையிலும் இறங்கியது. பிறவிக் குறைபாடு, நரம்பு நோய் என்று கிராமம் கிராமமாக மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அங்கே வாழ்ந்த லீலாகுமாரி அம்மா என்ற விவசாய உத்தியோகத்தர் நீதிமன்றம் போனார். தெளிப்பு நின்றது. 2011 இல் இந்திய உயர் நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 இலட்சம் ரூபாய் வீதம் கொடுக்க வேண்டும் என்று 2017 இல் கட்டளையிட்டது. இலங்கை இந்த மருந்தை 1998 இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் ஒரு மருந்து போனால் இன்னொன்று வருகிறது. ஆகவே பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை, வேலை நடக்கும் முறையையே பார்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லா மருந்தையும் பசளையையும் நாளைக்கே நிறுத்தச் சொல்கிறோமா? இல்லை தோழர்களே. அதையும் நாம் அனுபவித்திருக்கிறோம். 2015 இல் கிளைபோசெட் தடை வந்தது. மலையில் புல் இடுப்பளவு வளர்ந்தது. அட்டைக்கும் பாம்புக்கும் குளவிக்கும் பயந்து கொழுந்து எடுத்தது நம் பெண்கள்தான். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். பின்பு 2021 வந்தது. மார்ச் மாதம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. கொழுந்து குறைந்தது, ஆனால் கேட்கும் கிலோ குறையவில்லை. படுவான்கரை விவசாயியும் பெரும்போகத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நவம்பரில் தடையை விலக்கினார்கள். மண்ணையும் நீரையும் காப்பாற்ற எடுத்த முடிவு என்றார்கள், ஆனால் வேலை செய்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுற்றாடலைக் காப்பாற்றும் செலவைத் தொழிலாளியின் பேரில் வெட்டக்கூடாது. குறைக்க வேண்டியதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கையால் புல் வெட்டினால் அதற்கு ஆள் போட வேண்டும், பேர் போட வேண்டும், கிலோவைக் குறைக்க வேண்டும். இதுதான் நம் நிலைப்பாடு.

இனிக் காற்றுக்கு வருவோம். 2022 டிசம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள். காரணம் மழையோ வேலைநிறுத்தமோ அல்ல, காற்று. வங்காள விரிகுடாவில் புயல் இருந்த நேரம், இந்தியப் பக்கத்துப் புகையைச் சுமந்த காற்று நம் தலைக்கு மேல் வந்து நின்றது. கொழும்பும் மலையும் மட்டக்களப்பும் ஒரே புகையைத்தான் சுவாசித்தன. நீருக்கு இல்லாத எல்லை காற்றுக்கும் இல்லை.

ஆனால் நம் வீட்டுக்குள் தினமும் நிற்கும் புகைக்குப் பாடசாலை விடுமுறை கிடையாது. லயக் காம்பராவில் ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, புகை போக வழியில்லை, ஈர விறகு. வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் தாயும், அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையும். மழைக்காலத்தில் எங்கள் வகுப்பில் இருமாத பிள்ளை குறைவு. ஆகவே புகைக்கூண்டு வைத்த தனி வீடு கேட்பது வசதிக்காக அல்ல, மூச்சுக்காக.

குப்பையும் அப்படித்தான். மட்டக்களப்பு நகரத்துக் குப்பை வாவிக்குப் பக்கத்தில் திருப்பெருந்துறையில் மலையாகக் குவிந்தது. 2017 இல் அது தீப்பற்றி எரிந்தபோது சுற்றியிருந்த மக்கள் புகையில் தவித்தார்கள், வீதிக்கு இறங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டவர்கள் மண்ணோடு மண்ணானார்கள். பிளாஸ்டிக்கை எரித்தால் தொலைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். அது நஞ்சுப் புகையாக நம் நெஞ்சுக்குள் போகிறது, சாம்பல் மழையோடு ஓடைக்குப் போகிறது.

தோட்டத்தில் குப்பை அள்ள வண்டி வராததற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபை வேலை செய்யத் தடையாக நின்றது. நாம் வாக்குப் போடலாம், ஆனால் நம் லயத்துக்குச் சபையின் சேவை வராது. 2018 இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். இனி 'அது தோட்டத்துக் காணி' என்று எந்தச் சபையும் சாட்டுச் சொல்ல முடியாது. குப்பை வண்டி, குடிநீர்க் குழாய், மலசலகூடம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று சிலர் நினைக்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். 2013 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில், ரத்துபஸ்வல மக்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொழிற்சாலைக் கழிவு கெடுத்துவிட்டது என்று வீதிக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டது. மூன்று இளைஞர்கள் செத்தார்கள். சுத்தமான தண்ணீர் கேட்டதற்கு விலை அது. அந்த மூவரும் சிங்களப் பிள்ளைகள். தண்ணீர்ப் பிரச்சினைக்கு இனம் இல்லை.

மற்றது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். மின் நிலையத்து எண்ணெய் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளில் மிதந்தது. மக்கள் போராடினார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவர்தான் செலவைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டும்படி 2019 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண மக்கள் தண்ணீர் மாதிரியும் எழுத்தும் வைத்துக்கொண்டு போராடியதால் கிடைத்த தீர்ப்பு அது. வாயால் சொன்ன முறைப்பாடு காற்றில் போய்விடும். திகதி போட்ட கடிதமும், பரிசோதனை அறிக்கையும், படமும் நிற்கும்.

இந்த ஒன்றுகூடலின் தீர்மானங்களாக நாங்கள் ஐந்து விடயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: மருந்து அடிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கையுறை, முகமூடி, சப்பாத்து, ஒழுகாத டாங்கி, கழுவும் இடம். கழுவும் நேரமும் வேலை நேரமே. இவை கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தாக வர வேண்டும்.

இரண்டு: ஓடைக் கரையிலும் பீலிக்கு மேலேயும் மருந்து அடிக்கச் சொன்னால் மறுக்கும் உரிமை. மறுத்தவருக்குப் பேர் வெட்டக்கூடாது.

மூன்று: காலிக் கான்களை நிர்வாகமே எண்ணித் திருப்பி வாங்க வேண்டும். நம் பக்கத்தில், எந்த வீட்டிலும் அதில் தண்ணீர் பிடிக்கக்கூடாது.

நான்கு: ஒவ்வொரு தோட்டத்தின் குடிநீரையும் ஆண்டுக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பரிசோதித்து முடிவைத் தமிழில் ஒட்ட வேண்டும். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் பரிசோதனை கேட்கிறோம்.

ஐந்து: வாவி மீனவர் சங்கங்களோடும் படுவான்கரை விவசாயிகளோடும் நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச வேண்டும். இங்கே மீன் செத்தால் அங்கே எங்களுக்குச் செய்தி வர வேண்டும். அங்கே புதிய மருந்து வந்தால் இங்கே உங்களுக்குச் செய்தி வர வேண்டும். மீனவர் நம்மைக் குற்றவாளி என்று பார்ப்பதும், நாம் அவரை யாரோ என்று பார்ப்பதும் டாங்கியை நம் முதுகில் ஏற்றிவிட்டவருக்குத்தான் வசதி.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. உங்கள் பீலித் தண்ணீர் எந்த ஓடையில் சேர்ந்து, எந்த ஆற்றில் விழுந்து, எந்தக் கடலுக்குப் போகிறது என்று ஒரு படம் வரைந்து வாருங்கள். வழியில் உள்ள ஊர்களின் பெயரையும் எழுதுங்கள். நல்ல படங்களை அடுத்த இதழில் போடுவதாக ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது.

தீர்மானங்களைக் கிளைக் கூட்டங்களில் வாசித்து, திருத்தம் இருந்தால் எழுதி, கையொப்பத்தோடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.