அறிந்தவரே சாட்சி



பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, 'விட்னஸ்' என்றால் என்ன?" என்று கேட்கிறது. "சாட்சி" என்கிறோம். சரியான பதில்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்று பேச்சு வழக்கில் இல்லாத ஒரு பழைய ஆங்கில வினைச்சொல் மறைந்திருக்கிறது. அதன் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

அந்த வினைச்சொல் 'விட்'. நம் தமிழ் 'விடு'வுக்கும் இதற்கும் உறவில்லை. இதன் பொருள் 'அறிதல்'. 'அறிவான்' என்பதற்கு 'வாட்' என்றும், 'அறிந்தான்' என்பதற்கு 'விஸ்ட்' என்றும் பழைய ஆங்கிலேயர் சொன்னார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்து மன்னருக்கு ஆலோசனை கூறிய பெரியோருக்கு 'விட்டன்' என்று பெயர். அறிந்தோர் என்பது அதன் பொருள். 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில பைபிளிலும் இந்தச் சொற்கள் உண்டு. பின்னர் 'நோ' என்னும் சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியிலோ, 'விஸ்ஸன்' என்ற வடிவில் அது இன்றும் வழங்குகிறது.

இந்தச் சொல்லின் வேர் இன்னும் பழையது. அதன் முதற்பொருள் 'காணுதல்'. கண்டதனால் அறிந்தேன் என்பதே கருத்து. லத்தீன் மொழியில் அதே வேரிலிருந்து வந்த 'வீடியோ' என்ற சொல்லுக்கு 'நான் காண்கிறேன்' என்று பொருள். சமஸ்கிருதத்தில் அந்த வேர் 'வித்' ஆயிற்று. வேதம், வித்தை, வித்துவான் என்று நாம் சொல்வதெல்லாம் அங்கிருந்து தமிழுக்கு வந்தவை. சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் என்னும் நீதிபதி 1786-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். நம் தமிழ் வேறு குடும்பத்து மொழி. 'அறி' என்பது நமக்கே உரிய சொல்.

'விட்' மறைந்தாலும் அதன் பிள்ளைகள் மறையவில்லை. சட்டத் தாள்களில் 'டு விட்' என்று வரும். 'அதாவது' என்று பொருள். 'அன்விட்டிங்லி' என்றால் 'அறியாமல்'. 'விட்னஸ்' என்பது முதலில் 'அறிவு' என்றே பொருள்பட்டது. பிறகு, அறிந்ததை எடுத்துச் சொல்வதையும், சொல்லும் ஆளையும் குறித்தது. ஆகவே, அறியாதவர் சாட்சியாக முடியாது. இது அந்தச் சொல்லே நமக்குச் சொல்லும் பாடம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மாலையில் தெரிந்தவர் ஒருவர் கடன் படிவத்தோடு வருகிறார். "அண்ணே, சும்மா ஒரு கையெழுத்து. சாட்சிக்குத்தான்!" என்கிறார். முகத்துக்காக நாமும் போட்டுவிடுகிறோம். அந்த மலாய்ப் படிவத்தில் 'சக்சி' என்றிருந்தால், அது நம் 'சாட்சி'யேதான். இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. கண்ணால் கண்டவர் என்பது அதன் கருத்து. நம் முன்னிலையில் இவர் கையெழுத்திட்டார் என்பதற்கே அங்கே நாம் பொறுப்பு. ஆனால் 'பெஞ்ஜாமின்' என்றிருந்தால், அது நம் 'ஜாமீன்'. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நாம் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே தாளில், அடுத்தடுத்த கோட்டில் இருக்கலாம். ஒரு கோடு மாறினால் பல ஆண்டுச் சம்பளமே போய்விடும்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதுவரை, படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறிய முன்னோர் பலர். அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. நமக்கோ, நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே, கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், முதலில் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வோம். எந்தக் கோட்டில், என்ன பெயரில் போடுகிறோம் என்று கேட்போம். விளங்காவிட்டால், "நாளைக்கு வாருங்கள்" என்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்டு, அறிந்து, பிறகு கையெழுத்திடுவோம்.