தலையெழுத்தா, தைரியமா?



பரீட்சையில் தவறிய பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? “மண்டையில் களிமண்” என்று வைகிறோம். பிறகு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறோம். அவன் “ஏழரைச் சனி” என்கிறான். காசு கொடுத்துத் திரும்புகிறோம். பிள்ளையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை! கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா, பசியா, உபாத்தியாயரிடம் பயமா என்று கேட்டோமா?

பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுத்துவிட்டது. வீட்டில் தடுப்பது யார்? குழந்தைகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. நம் திண்ணையில் மட்டும் அதற்கு இடமில்லையா?

‘என்னால் ஆகாது’ என்று பத்து வயதில் நம்பியவன் முப்பது வயதில் எவன் காலிலும் விழுவான். பெண்பிள்ளையையோ வாய் திறக்கவே விடுவதில்லை. ஆகவே, சுயமரியாதையை மேடையில் பேசுமுன், இன்றிரவு வீட்டில் பிள்ளை பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்போமாக!