சின்னம் மாறியது; உரிமை யாரிடம்?



ஆலைச் சங்கொலியில் கண்விழிக்கும் ஊர்கள் ஆவடியும் அம்பத்தூரும். இங்கே வியர்வை சிந்தி உழைக்கும் தந்தை, சேர்த்த பணத்தை முடிந்துகொண்டு, மகளின் கைபற்றிக் கல்விக்கூட வாயிலில் நிற்கிறார். அண்ணாந்து பார்க்கிறார். வட்டச் சின்னம், சுற்றிலும் பொன்னெழுத்து. அதிலே 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைக் கண்டதும் அவர் நெஞ்சு நிமிர்கிறது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு!

அந்தச் சொல் யாருக்கு உரியது? சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தால் பிறந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது என்று 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் 23ஆம் பிரிவில் கூறுகிறது. மீறினால் தண்டம் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய் வரை! ஒரு பெயர்ப்பலகைக்குப் பூசும் வண்ணத்தின் விலைகூட இல்லை.

அறுபத்தோராண்டுகள் ஏட்டிலே உறங்கிய அந்தப் பிரிவை, 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் தட்டி எழுப்பிற்று. நிகர்நிலை நிறுவனங்கள் அச்சொல்லைப் பெயரில் சூடலாகாது. ஒரு திங்களுக்குள் ஆவன செய்க என்று மானியக்குழுவுக்கு ஆணையிட்டது. ஆவடியில் வேல் டெக், மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர். கல்வி ஆராய்ச்சி நிறுவனம், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை அச்சொல்லைக் கழற்றின. நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு இதே நிலை. பெயர் மாறினால் சின்னத்தின் எழுத்து மாறவேண்டும். முத்திரை, பலகை, பட்டச் சான்றிதழ் அனைத்தும் மாறவேண்டும். 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ள மட்டும் மானியக்குழு இடம் தந்தது.

அந்நிறுவனங்களை இழித்துரைக்க நான் வரவில்லை. அங்கே படித்த மருத்துவரும் பொறியாளரும் நம் பிள்ளைகளே. என் கேள்வி வேறு. அந்த அடைப்புக்குறியைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது?

டெல்லியின் கையில்! அதே சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, மானியக்குழுவின் பரிந்துரையின்மேல் மத்திய அரசு அறிவிக்கை விடுத்தால் போதும். நிகர்நிலைத் தகுதி கிடைத்துவிடும். நிலம் நம்முடையது, நீர் நம்முடையது, பிள்ளை நம்முடையது. ஆயினும் நம் சட்டமன்றத்திலே ஒரு மசோதா வரவேண்டியதில்லை, ஒரு வாக்கு விழவேண்டியதில்லை! 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியே, மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுசென்றார்கள். அதன் பின்னர் அந்தப் பிடி மேலும் இறுகியதன்றோ?

எதிர்ப்புறம் பாருங்கள். கிண்டியில் 1978இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1982இல் அது அண்ணா பல்கலைக்கழகம் ஆயிற்று. பெயர் சுருங்கியது, உரிமை சுருங்கவில்லை. ஏனெனில் அது மக்கள் மன்றத்தின் குழந்தை.

நம் நாட்டின் பெயரே இதற்குச் சான்று. மானியக்குழுச் சட்டம் வந்த அதே 1956இல், 'தமிழ்நாடு' எனும் பெயர் கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் தியாகி சங்கரலிங்கனார். 1967 சூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அரசுச் சின்னத்தில் கோபுரம் அதே கோபுரந்தான். ஆனால் மாறிய பெயருக்குப் பின்னே ஒரு தியாகம் இருந்தது, ஒரு தீர்மானம் இருந்தது, ஒரு மக்கள் கூட்டம் இருந்தது!

தோழர்களே! நாளை உங்கள் தெருவில் ஒரு தந்தை, "எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" என்று உங்களைக் கேட்பார். சின்னத்தின் பொலிவைக் காட்டாதீர்கள். அடைப்புக்குறியைப் படித்துக் காட்டுங்கள். எந்தச் சட்டத்தில் பிறந்தது, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வரவேண்டும் என்ற நம் கோரிக்கையின் பொருள், அந்த வாயிலிலே நிற்கும்போது அவருக்கே விளங்கும்.

சின்னத்தை ஓவியர் மாற்றலாம். உரிமையை மக்கள்தான் மீட்கவேண்டும்!